எண்ணெய் நில்லா இடத்தில் உலர்ந்த மசகு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. அச்சாணி இருந்தும் மை இடாத வண்டி எத்துணைத் தூரம் ஓடும் என்பதை உழவர்கள் நன்கறிவர். சக்கரம் கிறீச்சிடும், இருசு சூடேறும், குடத்தின் உட்புறம் தேயும், மாடுகள் வீணே இளைக்கும். ஆதலின் நம் முன்னோர் வைக்கோலைக் கருக்கி, அக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டிமையாக இட்டுவந்தனர். மாட்டு வண்டி அருகி, டிராக்டரும் நீரேற்றும் மோட்டாரும் விதைக்கும் கருவியும் சிற்றூர்தோறும் பரவிவிட்ட இந்நாளில் அத்தேவை குறையவில்லை. பன்மடங்கு பெருகியே இருக்கிறது.

ஆயினும் வண்டிக்கு இட்ட மையை எல்லா இயந்திரங்களுக்கும், எல்லா உறுப்புகளுக்கும் இடலாம் என்று எண்ணுவது பிழையாகும். எண்ணெயால் நன்மை விளையும் இடமும் உண்டு. தீமை விளையும் இடமும் உண்டு. பின்னர்க் கூறிய இடங்களுக்கென்றே உலர்ந்த மசகுப் பூச்சு என்னும் ஒரு முறை தொழிற்சாலைகளில் நெடுநாட்களாக வழக்கில் உள்ளது. அது யாது, எங்ஙனம் வேலை செய்கிறது, கடலோரப் பகுதியில் வாழும் நமக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பவற்றை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

ஒரு விதைப்புக் கருவி கற்பித்த பாடம்

புதுச்சேரி நகரைச் சூழ்ந்த செம்மண் பகுதிகளில் மணிலாப் பயிர் சிறப்புற்றது. நாம் அறிந்த உழவர் குழுவொன்று சில ஆண்டுகளுக்கு முன் கூட்டாகப் பணம் திரட்டி, டிராக்டரில் பூட்டி மணிலா விதைக்கும் கருவி ஒன்றை வாங்கிற்று. கருவியைக் கண்ணுங் கருத்துமாகக் காக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால், அதன் விதைத் தட்டுக்கும் தட்டைச் சுழற்றும் தண்டுக்கும் அடைப்புத் தகடுகளுக்கும் டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி வைத்தனர்.

மறு பருவத்தில் மழை பெய்து, நிலம் பதமாயிருந்த நாளில் கருவியை வயலில் இறக்கினர். செம்மண் புழுதியும் விதையின் மெல்லிய தோலும் எண்ணெயில் ஒட்டிக் களிபோல் இறுகியிருந்தன. தட்டு தங்கித் தங்கிச் சுழன்றது, விதைகள் நசுங்கின, சால்களில் முழக்கணக்கில் இடைவெளி விழுந்தது. பழுது தீர இரண்டு நாட்கள் சென்றன. அதற்குள் மண்ணின் ஈரம் காய்ந்துவிட்டது. இரண்டு நாள் தாமதம் நகரத்தில் பெரிதன்று. மானாவாரி உழவனுக்கோ அது ஒரு பருவத்தின் விளைச்சலையே குறைக்கவல்லது.

புதுச்சேரி நகரத்துப் பட்டறைக்குக் கொண்டுசென்றபோது, அங்கிருந்த முதிய மெக்கானிக் புதிதாக எண்ணெய் எதுவும் இடவில்லை. எல்லா உறுப்புகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் உலர்த்தினார். பின்னர்க் கரிய, பளபளப்பான ஒரு பொடியைத் துணியில் தொட்டுத் தட்டின் மீதும் தண்டின் மீதும் அழுத்தித் தேய்த்து மெருகேற்றினார். தட்டு தங்கு தடையின்றிச் சுழன்றது. அப்பொடி கிராபைட்டு என்பதாகும். உலர் மசகுகளுள் மிகப் பழையது அதுவே.

உராய்வும் எண்ணெயும்

எவ்வளவு வழவழப்பாகத் தோன்றும் இரும்பாயினும், உருப்பெருக்கியின் வழியே நோக்கினால் அதன் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகவே காணப்படும். இரண்டு உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அவற்றின் முகடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. எடை முழுவதையும் அச்சிறு முகடுகளே தாங்குவதால், அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன, நகரும்போது பிய்கின்றன. இதுவே உராய்வு, இதனால் விளைவதே தேய்மானம். இத்துறையில் முதல் விதிகளை வகுத்தோருள் அமோந்தோன், கூலோம் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் குறிப்பிடத்தக்கவர். முன்னவர் 1699ஆம் ஆண்டிலும், பின்னவர் 1780களிலும் தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர்.

எண்ணெயின் வேலை, இரு பரப்புகளுக்கும் இடையே புகுந்து நின்று அவை தொடாதபடி பிரித்து வைப்பதாகும். வேகமாகச் சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்து அதன்மேல் மிதக்கும். ஆதலின் மூடப்பட்ட எஞ்சினிலும் பல்சக்கரப் பெட்டியிலும் எண்ணெய்க்கு ஈடு இணையில்லை. அது சூட்டையும் வாங்கிக்கொள்ளும். தேய்ந்த துகள்களையும் அடித்துச் செல்லும்.

ஆனால் திறந்த வெளியில், மெல்ல நகரும் உறுப்பில், புழுதியின் நடுவே எண்ணெய் என்ன செய்கிறது? அது மணலைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயும் மணலும் சேர்ந்த குழம்பு சாணைக் கல்லை ஒக்கும். மசகு என்று நாம் இட்டது அரமாக மாறி உலோகத்தை அராவத் தொடங்குகிறது. மேற்கூறிய விதைத் தட்டுக்கு நேர்ந்தது இதுவே. நெசவாலைகளிலும் வேறொரு வகையில் எண்ணெய் தொல்லை தருவதுண்டு. 1898ஆம் ஆண்டில் தொடங்கி 2020ஆம் ஆண்டில் மூடப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையில் உழைத்த குடும்பங்கள் பல புதுச்சேரியில் உள்ளன. தறியிலிருந்து தெறிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் நல்ல துணியைக் கழிவுத் துணியாக்கிவிடும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூவகைப் பொருள்கள்

உலர் மசகாகப் பயன்படும் பொருள்களுள் முதன்மையானவை மூன்று.

முதலாவது கிராபைட்டு. கரியும் கிராபைட்டும் ஒரே தனிமமாகிய கார்பனே. எனினும் கிராபைட்டில் கார்பன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தகடும் தனக்குள் உறுதியானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள பிடிப்போ தளர்ந்தது. சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்துத் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதுபோல் இத்தகடுகளும் வழுக்கும். அடுப்புக்கரியில் இந்த ஒழுங்கான அடுக்கு இல்லை. ஆதலின் அது வழுக்காது, உராயும். சிவகங்கைக்கு அருகில் புதுப்பட்டி, குமாரிப்பட்டி முதலிய ஊர்களில் செதில் வகைக் கிராபைட்டு கிடைக்கிறது. தமிழ்நாடு அரசு நிறுவனமான தமிழ்நாடு கனிம நிறுவனம் அதனை வெட்டியெடுத்து வருகிறது. பாறையில் ஏறத்தாழ 14 விழுக்காடாக உள்ள கார்பனை, அரைத்தும் நீரில் மிதக்கவிட்டும் செறிவுபடுத்துகின்றனர்.

கிராபைட்டின் தன்மைகளுள் வியப்பானது ஒன்றுண்டு. காற்றில் ஈரம் இருந்தால்தான் அது நன்கு வழுக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னாக்கிகளில் இருந்த கார்பன் துண்டுகள் மிக விரைவில் தேய்ந்து பொடியாயின. உயரத்தில் காற்று வறண்டிருந்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. ஈரப்பசை தகடுகளில் படிந்து அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி காக்கிறது.

இரண்டாவது மாலிப்டினம் டைசல்பைடு என்னும் கனிமம். கண்ணுக்கு இதுவும் கிராபைட்டைப் போலவே கரிய செதில்களாகத் தோன்றும். இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதை 1778ஆம் ஆண்டில் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் மெய்ப்பித்தார். இதிலும் அடுக்கடுக்கான தகடுகளே உள்ளன. ஆனால் வழுக்குவதற்கு ஈரம் வேண்டியதில்லை. மாறாக, ஈரக் காற்றில் இதன் வழவழப்புக் குறையும். பெரும் பாரத்தைத் தாங்கவல்லது. காற்றே இல்லாத விண்வெளியில் எண்ணெய் ஆவியாகிவிடும், கிராபைட்டும் பயன்படாது. ஆகவே செயற்கைக்கோள்களின் அசையும் உறுப்புகளுக்கு இப்பூச்சே உதவுகிறது. தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில் இக்கனிமம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் கண்டறிந்துள்ளனர்.

மூன்றாவது, டெஃப்லான் என்னும் வணிகப் பெயரால் பலரும் அறிந்த பிளாஸ்டிக் வகை. ராய் பிளங்கெட் என்னும் அமெரிக்க வேதியியலார் 1938ஆம் ஆண்டில் வேறொன்றை ஆராயும்போது தற்செயலாக இதனைக் கண்டார். தோசை ஒட்டாத கல்லில் பூசப்படுவது இதுவே. மிக நன்றாக வழுக்கும், ஆனால் மென்மையானது. பெரும் பாரத்தைத் தனியே தாங்காது. ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் இடங்களுக்கு உதவாது.

பூச்சு எங்ஙனம் ஏற்றப்படுகிறது

பொடியைத் துணியால் தேய்ப்பது எளிய முறை. எளிதில் போய்விடும் முறையும் அதுவே. தொழிற்சாலைகளில் மேற்கூறிய பொருள்களுள் ஒன்றை ஒருவகைப் பிசினில் கலந்து, வர்ணம் தெளிப்பதுபோல் உறுப்பின்மேல் தெளிக்கின்றனர். பிசின் இறுகியதும் அப்பொருள் உலோகத்தோடு பற்றிக்கொண்ட மெல்லிய படலமாகிறது. இதனையே உலர் படல மசகுப் பூச்சு என்கின்றனர்.

இதில் வெற்றியும் தோல்வியும் பூசுவதற்கு முன் செய்யும் வேலையைப் பொறுத்தவை. சாணம் மெழுகுவதற்கு முன் தரையைச் செதுக்கிப் பெருக்குவதில்லையா? அதுபோல், முதலில் எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் கழுவ வேண்டும். பின்னர்த் துருவை நீக்கி, நுண்மணல் போன்ற துகள்களை வீசியடித்துப் பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்க வேண்டும். எஃகாயின் பாஸ்பேட்டுக் கரைசலில் தோய்த்தெடுப்பது வழக்கம். அதனால் உண்டாகும் நுண்ணிய படிகங்கள் பூச்சைப் பற்றிக்கொள்ளும்; துருவையும் ஒருவாறு தடுக்கும். அதன் பிறகே தெளிக்க வேண்டும். சில வகைகள் காற்றிலேயே இறுகும். வேறு சில வகைகளை 150 முதல் 200 பாகை வரை சூடான அடுப்பில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்து இறுகச் செய்ய வேண்டும்.

பூச்சின் பருமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் இதனினும் பல மடங்காகும். கனமாகப் பூசினால் நெடுநாள் உழைக்கும் என்று எண்ணலாகாது. கனத்த பூச்சு செதிலாக உரிந்துவிடும். மேலும் இப்பூச்சு எண்ணெயைப் போல் இடையிடையே ஊற்றி நிரப்பத்தக்கதன்று. தேய்ந்தபின் சுரண்டி நீக்கிவிட்டுப் புதிதாகவே பூச வேண்டும்.

உப்புக் காற்றும் கிராபைட்டும்

விதைப்புக் கருவி சீரானதைக் கண்ட அக்குழுவினர் கிராபைட்டுப் பொடியை ஓர் அருமருந்தாகக் கருதினர். கடலோரத்து வயலில் இயங்கிய மருந்து தெளிப்பானின் அலுமினிய உறுப்புகளிலும் அதனைத் தேய்த்துவைத்தனர். ஓராண்டு சென்று பார்த்தபோது, பொடி பட்ட இடமெல்லாம் அலுமினியம் வெண்மையாகப் பொரிந்து குழி விழுந்திருந்தது.

இதன் காரணத்தை டார்ச்சு விளக்கின் செல்லைக் கொண்டு விளக்கலாம். செல்லின் நடுவில் கார்பன் குச்சியும், வெளிப்புறம் துத்தநாகக் குவளையும், இடையில் உப்புச் சத்துள்ள ஈரக் கலவையும் உள்ளன. மின்சாரம் பாயப் பாயத் துத்தநாகம் அரிக்கப்படுகிறது. உப்புக் காற்று வீசும் இடத்தில் அலுமினியத்தின்மேல் கிராபைட்டைத் தடவினால் அங்கே ஒரு சிறு செல் தானாகவே அமைந்துவிடுகிறது. கிராபைட்டு கார்பன் குச்சியின் வேலையைச் செய்ய, அலுமினியம் துத்தநாகக் குவளையைப் போல் அரிபட்டுப் போகிறது. துத்தநாகம் பூசிய தகட்டுக்கும் இதே கேடு நேரும். வெறும் இரும்பும் உப்பு நீர் பட்டு நனைந்திருந்தால் விரைவில் துருவேறும்.

ஆகவே புதுச்சேரி போன்ற கடலோரப் பகுதிகளில் பின்வரும் விதியைக் கைக்கொள்ளல் நலம். கொட்டகைக்குள் உலர்ந்த இடத்தில் வைக்கப்படும் எஃகு உறுப்புகளுக்குக் கிராபைட்டுப் பொடி தக்கது. வெளியில் நிற்கும் உறுப்புகளுக்கும், அலுமினியம், துத்தநாகப் பூச்சு ஆகியவற்றுக்கும் கிராபைட்டு கலவாத, பிசினில் பிணைத்த பூச்சே வேண்டும். டெஃப்லான் வகைப் பூச்சு துருவையும் ஓரளவு தடுப்பதால் இத்தகைய இடங்களுக்கு ஏற்றது. பட்டறையில் பூச்சு வாங்குவோர், "இதில் கிராபைட்டு உண்டா? அடியில் பாஸ்பேட்டு செய்யப்பட்டதா?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தயங்கலாகாது.

ஆழ்துளைக் கிணற்றினுள் உள்ள கார்பன்

உலர் மசகுப் பொருளை நாம் அறியாமலே பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம் என்றால் உழவர்கள் வியப்படையலாம். நீர் நிரப்பிய வகையைச் சேர்ந்த மூழ்கு மோட்டாரின் அடிப்பகுதியில், சுழலும் தண்டின் பாரத்தைத் தாங்கும் தட்டு பெரும்பாலும் கிராபைட்டுக் கலந்த கார்பனால் ஆயது. அங்கே எண்ணெய் இல்லை, நீரே மசகு. ஓடும்போது மெல்லிய நீர்ப்படலம் பாரத்தைத் தாங்குகிறது. தொடங்கும்போதும் நிற்கும்போதும் அப்படலம் அறுபட, கார்பனே தன் வழவழப்பால் தேய்மானத்தைக் குறைக்கிறது.

எனவே மோட்டாரைக் கிணற்றில் இறக்குமுன் அதனுள் தூய நீரை, காற்றுக் குமிழி தங்காமல் நிரப்புவது இன்றியமையாதது. சேற்று நீரோ மணல் கலந்த நீரோ கூடாது. கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்து மோட்டார் வெறுமனே ஓடுமாயின், அது சூடேறி, உள்ளிருக்கும் நீர்ப்படலம் குலைந்து, கார்பன் தட்டு வெடித்துப்போகும். நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கிவரும் ஊர்களில் வறண்ட ஓட்டத்தைத் தடுக்கும் மின்கருவியைப் பொருத்துவது வீண் செலவன்று.

எங்கு ஆகும், எங்கு ஆகாது

ஆகும் இடங்கள்: விதைத் தட்டு, அடைப்புத் தகடு, பூட்டின் உட்புறம், கதவுக் கீல், புழுதியில் மெல்ல நகரும் தண்டு, நெடுநாள் கழித்துக் கழற்ற வேண்டிய மரை ஆகியவை. பொதுக் கட்டடங்களிலும் நீர்த்தொட்டி அறையிலும் உள்ள பூட்டுகளில் எண்ணெய் விடுவதைக் காட்டிலும் சிறிது கிராபைட்டுப் பொடியை ஊதுவது சிறந்தது. டிராக்டரின் மூட்டுகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீசு கடைகளில் கிடைக்கிறது. கிரீசு வறண்டுபோனாலும் அதிலுள்ள கனிமம் உலோகத்தைக் காக்கும்.

ஆகா இடங்கள்: எஞ்சின், பல்சக்கரப் பெட்டி, வேகமாகச் சுழலும் பேரிங்குகள் ஆகியவற்றில் உற்பத்தியாளர் குறித்த எண்ணெயும் கிரீசுமே இடத்தக்கன. பிரேக்கு, கிளச்சு ஆகியவற்றில் எவ்வகை மசகும் படலாகாது. அவை உராய்வினாலேயே வேலை செய்பவை. அங்கு வழவழப்பு உயிருக்கே கேடாக முடியும்.

சில எச்சரிக்கைகள்

பழைய டார்ச்சு செல்லை உடைத்து அதிலுள்ள கருமையான பொடியைக் கிராபைட்டு என்று பயன்படுத்துவோர் உளர். அப்பொடியில் பெரும்பகுதி மாங்கனீசு டை ஆக்சைடு. அரிக்கும் உப்புகளும் அதில் கலந்துள்ளன. அது இயந்திரத்துக்கும் தீங்கு, கைக்கும் தீங்கு.

மசகு பூசிய மரையை வழக்கமான வலுவோடு முறுக்கினால் அது அளவுக்கு மிஞ்சி இறுகும். திருகாணி நீண்டு அறுந்துபோகவும் கூடும். சற்றுக் குறைத்தே முறுக்க வேண்டும்.

குப்பியிலிருந்து தெளிக்கும் பூச்சுகளில் உள்ள கரைப்பான்கள் பல எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பும் பீடி நெருப்பும் இல்லாத தொலைவில் தெளிக்க வேண்டும். டெஃப்லான் பொடி பட்ட கையால் பீடி, சிகரெட்டுப் பிடிக்கலாகாது. எரியும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். கிராபைட்டுப் பொடியைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளல் வேண்டும்.

கழிவெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் அபாயகரமான கழிவாகும். அதனைக் கருவிகளுக்குத் தடவுவதாலும் வரப்பில் ஊற்றுவதாலும் அது மண்ணிலும், நாளடைவில் கிணற்று நீரிலும் சேர்கிறது. காசில்லாமல் கிடைக்கிறது என்பதற்காக அதனை மசகாகக் கொள்ளும் வழக்கத்தை அறவே விட்டொழித்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கது

பொதுப் பணத்தில் வாங்கிய கருவி எல்லாருக்கும் உரியது. அதனாலேயே எவரும் கவனியாமல் கெடுவதும் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, எந்த உறுப்புக்கு எண்ணெய், எதற்குக் கிரீசு, எதற்கு உலர்ந்த பொடி என்பதை உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்து எழுதி வைக்கலாம். அக்குறிப்பைக் கருவியின் மீதே வர்ணத்தால் எழுதிவிடுவது இன்னும் நன்று. குறிப்பேடு தொலையலாம், கருவி தொலையாது. பருவம் தொடங்குவதற்கு 15 நாட்களுக்கு முன்னரே கருவியை வெளியே எடுத்துக் கழுவி, ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். பருவம் முடிந்ததும் துடைத்து உலர்த்திக் கூரையின்கீழ் வைக்க வேண்டும்.

எந்தப் புதுமுறையையும் ஊர் முழுவதற்கும் பரப்புமுன் ஓர் உறுப்பில், ஒரு பருவம் செய்து பார்ப்பதே அறிவுடைமை. நாம் கூறிய குழுவினர் இப்போது அப்படித்தான் செய்கின்றனர். அவர்களது விதைப்புக் கருவியின் பக்கத் தகட்டில் "தட்டுக்கு எண்ணெய் இடாதே, துடைத்துப் பொடி தேய்" என்று வெள்ளை எழுத்துகளில் எழுதப்பட்டுள்ளது. கடலோரத் தெளிப்பானின் புதிய அலுமினிய உறுப்பின்மேலோ, "பொடி கூடாது" என்றிருக்கிறது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும் என்பதை இரு நட்டங்களின் வாயிலாக அவர்கள் கற்றனர். நம் ஊர்களில் உள்ள பிறர் அந்நட்டத்தை அடையாமலே அப்பாடத்தைப் பெறுவாராக.